மந்தையை நகர்த்தும் நாய்: துரத்துவது வேறு, மேய்ப்பது வேறு

மாட்டுப் பண்ணையில் நாயை வேலைக்குப் பழக்குவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கருத்துகள் தவறாமல் காதில் விழுகின்றன. சுறுசுறுப்பான நாயாக இருந்தால் போதும், மாடுகளுக்குப் பின்னால் அவிழ்த்துவிட்டால் தானாகவே மேய்க்கக் கற்றுக்கொள்ளும் என்பது ஒன்று. குரைத்தும் கடித்தும் மாடுகளை அச்சுறுத்துவதுதான் அந்த நாயின் தொழில் என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. இவற்றை நம்பி நாய் வளர்ப்பவரின் பண்ணையில் மிரண்டு ஓடி வேலியில் மோதிக் காயப்படும் மாடுகளையும், உதை வாங்கித் தாடை உடைந்த நாயையும் விரைவிலேயே காண நேரும்.

நன்கு பழகிய நாய் மாடுகளை விரட்டுவதில்லை. தான் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நெருங்க வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும் என்பதை அறிந்து, மாடுகள் தாமாகவே விலகி நடக்கும்படி செய்கிறது. இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை முதலில் புரிந்துகொண்டால், பயிற்சியின் பெரும்பகுதி ஏன் நாயை ஓடவைப்பதில் இல்லாமல் நிறுத்துவதில் இருக்கிறது என்பது விளங்கும்.

காவல் நாயும் மேய்ப்பு நாயும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கால்நடைகளோடு வாழும் நாய்கள் எல்லாம் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. காவல் நாய் மந்தையின் நடுவிலேயே வளர்ந்து, அதைத் தன் சுற்றமாக எண்ணி, ஓநாய் போன்ற வேட்டை விலங்குகள் நெருங்கும்போது எதிர்த்து நிற்பது. அது கால்நடைகளை எங்கும் ஓட்டிச் செல்வதில்லை. அப்படிச் செய்யத் தொடங்கினால் அது காவலுக்குத் தகுதியற்ற நாய் என்றே கொள்ளப்படும். மேய்ப்பு நாய் இதற்கு நேர்மாறானது. அது மனிதரோடு வாழ்ந்து, மனிதரின் சொல்லுக்கேற்ப மந்தையை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நகர்த்துகிறது. காவல் நாய்க்குட்டியை வாங்கி வந்து அது மாடுகளை மடக்கவில்லையே என்று வருந்துவதிலும், மேய்ப்பு நாய்க்குட்டியை இரவு முழுவதும் மந்தையோடு தனியாக விட்டுவைப்பதிலும் பயனில்லை. இரண்டாவதில் ஆபத்தும் உண்டு. இக்கட்டுரை மேய்ப்பு நாயைப் பற்றியது மட்டுமே.

பாதியில் நிற்கும் வேட்டை

ஓநாய் இரையைப் பிடிப்பது ஒரு தொடர்ச்சியான செயல். இரையைக் காண்கிறது, கண்ணெடுக்காமல் உற்று நோக்குகிறது, தலையைத் தாழ்த்திப் பதுங்கி நெருங்குகிறது, துரத்துகிறது, கவ்வுகிறது, கொல்கிறது. நாயின் நடத்தையை ஆராய்ந்த அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிஞ்சர் போன்றோர், வெவ்வேறு நாய் இனங்களில் இந்தத் தொடரின் வெவ்வேறு கண்ணிகள் வலுவூட்டப்பட்டும் வேறு சில மங்கவைக்கப்பட்டும் இருப்பதை விளக்கினார்கள். காவல் நாய்களில் ஏறத்தாழ முழுத் தொடரும் மங்கிக் கிடக்கிறது. பார்டர் கோலி இனத்தில் உற்று நோக்குவதும் பதுங்கி நெருங்குவதும் மிக வலுவாகவும், கவ்வுவதும் கொல்வதும் மிக மெலிந்தும் உள்ளன. மாட்டின் குதிகாலைக் கடித்து ஓட்டும் இனங்களில் துரத்துவதும் கவ்வுவதும் ஓங்கி நிற்கின்றன.

ஆகவே மேய்க்கும் ஆர்வத்தை நாம் நாய்க்குப் புதிதாகக் கற்பிப்பதில்லை; அது பல தலைமுறைத் தேர்வினால் ஏற்கெனவே அதன் உடலில் இருக்கிறது. இல்லாத நாயிடம் அதை உண்டாக்க எந்தப் பயிற்சியாளராலும் இயலாது. இருக்கும் நாயிடம் அதற்கு வரம்பு கட்டுவதும் வடிவம் கொடுப்பதும்தான் பயிற்சி. ஓர் எச்சரிக்கையும் இங்கேயே சொல்லத்தக்கது: எவ்வளவு சிறந்த மேய்ப்பு நாயானாலும் அதற்குள் இருப்பது வேட்டை உணர்ச்சிதான். கட்டுப்படுத்த ஆள் இல்லாத வேளையில் அது தொடரின் அடுத்த கண்ணிக்குத் தாவிவிடக்கூடும்.

மாடு ஏன் விலகுகிறது?

வரிசையில் நிற்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் நமக்கு மிக அருகில் வந்து நின்றால், நம்மை அறியாமலே அரை அடி நகர்ந்துகொள்கிறோம். அவர் நம்மைத் தொடவும் இல்லை, ஒரு சொல் பேசவும் இல்லை. அவர் சற்றே பின்னால் போய்விட்டால் நாமும் நகர்வதை நிறுத்திவிடுகிறோம்.

மாட்டைச் சுற்றியும் இத்தகைய ஒரு கண்ணுக்குத் தெரியாத வட்டம் இருக்கிறது. அதற்குள் நாயோ மனிதரோ நுழைந்தால் மாடு விலகி நடக்கத் தொடங்கும். இதை விலகு வட்டம் என்று அழைப்போம். விலங்குகள் அச்சம் தரும் உருவத்திலிருந்து குறிப்பிட்ட தொலைவைக் காத்துக்கொள்கின்றன என்பதைச் சுவிஸ் விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் விரிவாக எழுதினார். இக்கருத்தை மாடு கையாளும் முறைகளில் பரவலாக்கியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின். வட்டத்தின் அளவு எல்லா மாடுகளுக்கும் ஒன்றல்ல. நாள்தோறும் கறவைக்கு வரும் பசுவுக்கு அது மிகச் சிறியது. ஆளைக் காணாமல் பெரும் புல்வெளியில் வளர்ந்த மாட்டுக்கு மிகப் பெரியது. ஒரே மாட்டுக்கும் அமைதியாக இருக்கையில் சுருங்கும், மிரண்டிருக்கையில் விரியும்.

அடுத்து அறிய வேண்டியது திசை. மாட்டின் தோள்பட்டையின் குறுக்கே ஒரு கோடு வரைந்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்தத் தோள்கோட்டுக்குப் பின்னாலிருந்து நெருங்கினால் மாடு முன்னோக்கி நடக்கும். முன்னாலிருந்து நெருங்கினால் நின்றுவிடும், அல்லது திரும்பும். மாட்டின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் அதனால் 300 பாகைக்கும் மேலான பரப்பைத் தலையைத் திருப்பாமலே பார்க்க முடிகிறது. ஆனால் வாலுக்கு நேர் பின்னால் இருப்பது தெரியாது. ஆகையால் நேர் பின்னாலிருந்து வரும் நாயைப் பார்க்க மாடு நின்று திரும்பும், அல்லது கண்ணில் படாத அந்த அரவத்தை நோக்கி உதைக்கும். கைதேர்ந்த நாய் நேர் பின்னால் நிலைத்து நிற்காமல் இருபுறமும் மாறி மாறி அசைந்துகொண்டிருப்பதன் காரணம் இதுதான்.

நாய் வட்டத்துக்குள் நுழைவதை அழுத்தம் என்றும், வெளியேறுவதை விடுப்பு என்றும் சொல்லலாம். தொடக்க நிலையில் இருப்போர் அழுத்தத்தை மட்டுமே கவனிக்கிறார்கள். மாட்டுக்குக் கற்பிப்பது விடுப்புதான். நாய் இரண்டடி முன்வைக்கிறது, மாடு நடக்கத் தொடங்குகிறது. உடனே நாய் வேகத்தைக் குறைத்தால், நடந்ததால் தொல்லை நீங்கியது என்பதை மாடு உணர்கிறது. நடந்த பிறகும் நாய் நெருக்கிக்கொண்டே வந்தால், நடப்பதால் பயனில்லை என்றே மாடு கற்கும். பிறகு அது ஓடும், அல்லது திரும்பி முட்டும்.

ஒரு பசுவும் ஒரு நாயும்

திடலின் மூலையில் ஒரு பசு நகர மறுத்து நாயை எதிர்கொண்டு நிற்பதாகக் கொள்வோம். தலை தாழ்ந்திருக்கிறது, இரு காதுகளும் நாயை நோக்கி முன்சாய்ந்திருக்கின்றன, மூச்சு உரக்க வெளிப்படுகிறது. நாயின் தலையும் முதுகின் மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறது. வால் பின்னங்கால்களுக்கிடையே தளர்ந்து தொங்குகிறது. முன்னங்கால் ஒன்று வைப்பதா வேண்டாமா என்பதுபோல் அந்தரத்தில் நிற்கிறது. குரைப்பு இல்லை. நாய் அந்தக் காலை ஊன்றுகிறது, அடுத்த காலை எடுத்து வைக்கிறது. பசு ஒரு காதை மட்டும் பக்கவாட்டில் திருப்புகிறது. அந்தச் சிறு அசைவுதான் முடிவை அறிவிப்பது: பசு தப்பும் வழியைத் தேடத் தொடங்கிவிட்டது. அது மூக்கைத் திருப்பிய கணத்திலேயே நாய் அசையாமல் நின்றுவிட வேண்டும். அங்கே ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் அதுவரை பெற்றது அத்தனையும் வீணாகும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால், மேய்க்கும் ஆர்வம் என்பது பாதியில் நிறுத்தப்பட்ட வேட்டை. மாடு விலகு வட்டத்தையும் தோள்கோட்டையும் பொறுத்தே நகர்கிறது. நாயின் திறமை அழுத்தம் கொடுப்பதிலும் உரிய கணத்தில் அதை விடுப்பதிலும் இருக்கிறது.

எந்த நாய் எந்த வேலைக்கு?

மாட்டு வேலைக்கான நாய்களை இரு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். மந்தையைச் சுற்றி ஓடி முன்பக்கத்தைப் பிடித்து மேய்ப்பரிடம் கொண்டுவருவது மடக்கும் நாய். பின்னால் இருந்து ஓட்டிச் செல்வது முடுக்கும் நாய். பார்டர் கோலி முதல் வகை. இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் 1893-இல் பிறந்த ஓல்டு ஹெம்ப் என்ற ஆண் நாய், ஆரவாரமின்றிக் கண்ணாலும் நடையாலும் ஆடுகளை நகர்த்தியதால் புகழ்பெற்றது; இன்றைய பார்டர் கோலிகளின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பார்த்தால் அந்த நாயில்தான் போய்ச் சேர்கிறது. ஆஸ்திரேலியன் கேட்டில் டாக் இரண்டாம் வகை. 19-ஆம் நூற்றாண்டில் நியூ சவுத் வேல்ஸில் தாமஸ் ஹால் என்பவர், இங்கிலாந்திலிருந்து வந்த மாடோட்டி நாய்களோடு அந்நாட்டின் காட்டு நாயான டிங்கோவைக் கலந்து உருவாக்கிய வழியில் வந்தது அது. வேல்ஸ் நாட்டுக் கோர்கி நாய்களின் குட்டைக் கால்களும் வேலையோடு தொடர்புடையவை: மாட்டின் உதை தலைக்கு மேலே போய்விடும்.

கெல்பி உள்ளிட்ட வேறு இனங்களும் உண்டு. ஆனால் இனத்தின் பெயரைவிடப் பெற்றோர் மாட்டு வேலை செய்பவையா என்று பார்ப்பதே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து. அழகுப் போட்டிக்கென்றே பல தலைமுறை வளர்க்கப்பட்ட வழியில் மேய்க்கும் ஆர்வமும் மாட்டின் எதிரே நிற்கும் துணிவும் மங்கியிருக்கலாம். ஆடுகளிடம் மிகச் சிறப்பாக வேலை செய்யும் நாய்கூட, தன் எடையைப்போல் முப்பது மடங்குள்ள பசு தலையைத் தாழ்த்தும்போது பின்வாங்கிவிடக்கூடும்.

குட்டிப் பருவம்

எட்டு வார வயதில் வீட்டுக்கு வரும் குட்டிக்கு முதலில் கற்பிக்க வேண்டியவை மாடுகளோடு தொடர்பில்லாதவை. தன் பெயரைக் கேட்டதும் திரும்புதல், அழைத்தால் வருதல், கயிற்றில் இழுக்காமல் நடத்தல், கட்டினால் ஊளையிடாமல் படுத்திருத்தல், டிராக்டர் ஒலிக்கும் புதிய மனிதர்களுக்கும் அஞ்சாதிருத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை குட்டியின் மனம் புதியவற்றை அச்சமின்றி ஏற்கும் பருவம். அப்போது கண்டு பழகியவை பிற்காலத்தில் அதை மிரட்டுவதில்லை.

மாடுகளைக் குட்டி பார்க்கலாம், கயிற்றில் கட்டப்பட்ட நிலையில் அவற்றின் அருகே நடக்கலாம். அவிழ்த்துவிடக் கூடாது. மூன்று மாதக் குட்டி மாட்டைத் துரத்துவதைப் பார்த்து மகிழ்ந்து கைதட்டுவோர் உண்டு. அந்தக் குட்டி அப்போது இரண்டு பாடங்களைக் கற்கிறது: தன் விருப்பப்படி துரத்தலாம், எசமானர் அழைத்தாலும் போக வேண்டியதில்லை. ஓர் உதை பட்டுவிட்டால் மூன்றாவதையும் கற்கும். வாழ்நாள் முழுவதும் மாட்டைக் கண்டு ஒதுங்கும். எலும்புகள் முற்றாத வயதில் கடும் ஓட்டம் மூட்டுகளுக்கும் தீங்கு.

முதல் பாடம்

பெரும்பாலான பயிற்சியாளர்கள் எட்டு முதல் பன்னிரண்டு மாத வயதில் முறையான பாடத்தைத் தொடங்குகிறார்கள். வயதைவிட இரண்டு தகுதிகள் முக்கியம்: மாட்டைவிட வேகமாக ஓடித் தப்பும் உடல்வலு இருக்க வேண்டும், அழைத்தால் வரும் பழக்கம் வேரூன்றியிருக்க வேண்டும்.

தாயிடமிருந்து பிரிந்து பல மாதங்கள் ஆன, நாய்களைக் கண்டு பழகிய இளமாடுகள் ஐந்தாறு போதும். கன்றுள்ள பசுவைத் தொடக்கப் பாடத்துக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. நாய் அதன் கண்ணுக்குக் கன்றைத் தின்ன வந்த விலங்கு. அது நாயைக் குத்த வரும்போது நாய் தன் எசமானரின் கால்களுக்கிடையே ஓடி ஒளியும், இருவருமே மிதிபடுவார்கள். மாடு கிடைக்காத நிலையில் ஆடுகளிடம் அடிப்படையைக் கற்பித்துவிட்டு மாடுகளிடம் வருவதும் நல்ல வழியே.

நாயின் கழுத்தில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டித் தரையில் இழுபட விட்டு, மூலைகள் இல்லாத வட்டப் பட்டியில் தொடங்குவார்கள். மூலை இருந்தால் மாடுகள் அங்கே ஒடுங்கும். நாய் உள்ளே புக அஞ்சும், அல்லது புகுந்து கடிக்கும். பாடம் பத்து நிமிடம் நடந்தால் போதும். நாய் களைத்துச் சலிப்பதற்கு முன்பே, அது ஒன்றைச் சரியாகச் செய்த கணத்தில் முடித்துவிட வேண்டும்.

இந்தப் பாடத்தில் மேய்ப்பரின் வேலை மிக எளிதாகத் தோன்றும், ஆனால் பழக நாள் எடுக்கும். மடக்கும் இனத்து நாய்க்கு, மந்தையைச் சுற்றி ஓடி எசமானருக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் போய் நிற்கும் உந்துதல் பிறப்பிலேயே இருக்கிறது. மணிக்காட்டியில் நீங்கள் ஆறில் நின்றால் நாய் பன்னிரண்டைத் தேடிச் செல்லும். அந்த இடத்தை எதிர்முனை என்று அழைப்போம். நீங்கள் வலப்பக்கம் நகர்ந்தால் எதிர்முனையும் நகர்கிறது. நாயும் அதைத் தேடி ஓடுகிறது. ஒரு சொல்கூடப் பேசாமல், நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றியே நாயை இருபுறமும் ஓடவைக்கலாம்.

சொல் பின்னர் வருகிறது

நாய்க்கு வலம் இடம் என்ற சொற்களை முதலில் கற்பித்துவிட்டுப் பிறகு ஓடச் சொல்ல வேண்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். நடப்பது தலைகீழானது. நாய் தன் இயல்பால் மணிக்காட்டியின் முள் போகும் திசையில் மந்தையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அதற்குரிய சொல்லைச் சொல்ல வேண்டும்; எதிர்த் திசையில் சுற்றும்போது அதற்குரிய வேறொரு சொல்லைச் சொல்ல வேண்டும். பல நாள்களில் அசைவும் ஒலியும் ஒட்டிக்கொள்கின்றன. ஆங்கிலம் பேசும் மேய்ப்பர்கள் முள் திசைக்குக் 'கம் பை' என்றும் எதிர்த் திசைக்கு 'அவே' என்றும் சொல்வது வழக்கம். எந்த மொழிச் சொல்லும் நாய்க்கு ஒன்றே. ஓசையில் ஒன்றோடொன்று மயங்காத குறுஞ்சொற்களாக இருந்தால் சரி. தொலைவில் வேலை செய்யும் நாய்க்கு இச்சொற்களின் இடத்தைச் சீழ்க்கை ஒலிகள் பிடித்துக்கொள்கின்றன.

இவையன்றி, நேராக மாடுகளை நோக்கி நெருங்கு என்பதற்கு ஒன்றும், நில் அல்லது படு என்பதற்கு ஒன்றும், வேலையை விட்டு என்னிடம் வா என்பதற்கு ஒன்றும் வேண்டும். முழு மந்தையையும் நடத்த இந்த ஐந்தும் போதும்.

இவற்றுள் எதை முதலில் உறுதிப்படுத்துவது என்று கேட்டால், தயக்கமின்றி நிறுத்தும் சொல்லையே சொல்வேன். விடுப்பு என்று மேலே சொன்னது நாய் நின்றால்தான் மாட்டுக்குக் கிடைக்கும். நிற்காத நாயால் அழுத்தம் மட்டுமே கொடுக்க முடியும். நாய் எதிர்முனையில் இருக்கும் கணமே நிறுத்தக் கற்பிக்க ஏற்ற கணம். அங்கே மாடுகள் அதன் கட்டுப்பாட்டில் இருப்பதால் நிற்பது அதற்கு இழப்பாகத் தோன்றாது. மாடுகள் தப்பி ஓடும்போது நில் என்று கத்துவது, இரை கைநழுவும்போது கையைக் கட்டுவதாகவே நாய்க்குப் படும், கீழ்ப்படியாது. நின்றதற்கு வெகுமதி தின்பண்டம் அன்று. மீண்டும் வேலை செய்ய அனுமதிப்பதே அதற்குக் கிடைக்கும் பெரிய வெகுமதி.

கடி பற்றி

மாட்டு வேலையில் கடி முற்றிலும் தவிர்க்கக்கூடியதன்று. எதிர்த்து நிற்கும் மாட்டின் முன்னே நாய்க்குத் துணை வேறில்லை. ஆயினும் சரியான கடிக்கு இலக்கணம் உண்டு. எதிரே வரும் மாட்டின் மூக்கில் சட்டென்று ஒரு கவ்வல். அல்லது பின்னால் நின்று, உடல் எடை ஊன்றியிருக்கும் காலின் குதிப்பகுதியில் தாழ்வாக ஒரு கவ்வல். எடை தாங்கும் காலால் உடனே உதைக்க முடியாது. உதை வருவதற்குள் நாய் தரையோடு படிந்துவிடும். கவ்விய வாயை உடனே விட வேண்டும். வாலில் தொங்குவது, விலாவைக் கிழிப்பது, மாடு ஏற்கெனவே சரியாக நடந்துகொண்டிருக்கையில் கடிப்பது ஆகிய மூன்றும் பிழைகள். மூன்றாவதுதான் மிகக் கேடானது. ஒழுங்காக நடந்த மாட்டுக்குத் தண்டனை கிடைக்கிறது. அடிக்கடி கடிக்கும் நாய் துணிவுள்ளது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் பல நாய்கள் அச்சத்தினால் கடிக்கின்றன. தன்னம்பிக்கை வளர வளரக் கடி குறையும்.

ஆக, இயல்பான அசைவுக்குச் சொல் ஒட்டப்படுகிறது; நிறுத்தம் எல்லாவற்றுக்கும் முந்தியது; கடி கடைசிக் கருவி, அதுவும் ஒரு கணத்துக்கு மட்டும்.

மாடுகளுக்கும் பாடம்

நாயை ஆண்டுக்கணக்கில் பழக்கிவிட்டு, நாயையே கண்டிராத மந்தையின் மேல் விடுவோர் ஏமாற்றமடைகிறார்கள். மாடுகளும் கற்க வேண்டியிருக்கிறது: நாயைக் கண்டால் சிதறாமல் ஒன்றுசேர வேண்டும், நடந்தால் நாய் விலகிவிடும். இதை அனுபவமுள்ள நாயைக்கொண்டு சிறு குழுக்களாகப் பழக்குவார்கள். அப்படிப் பழகிய மந்தையிடம் இளநாயும் விரைவில் கற்கும்.

அவசரம் மாட்டுக்கு உடலளவிலும் தீங்கு. மிரண்ட பசுவின் உடலில் சுரக்கும் அட்ரீனலின் பால் இறங்குவதைத் தடுக்கிறது; ஆகவே கறவைக் கூடத்துக்கு நாய் நெருக்கி ஓட்டிவந்த பசு குறைவாகவே பால் தரும். தானாக நடக்கும் பசு கால் வைக்கும் இடத்தைப் பார்த்து நடக்கிறது. பின்னாலிருந்து நெருக்கினால் தலையைத் தூக்கிக்கொண்டு கல்லிலும் பள்ளத்திலும் குளம்பை வைத்து நொண்டியாகிறது. வெயில் கடுமையான வேளையில் நாய்க்கும் மாட்டுக்கும் வெப்பத் தாக்கு ஏற்படலாம் என்பதால் காலையும் மாலையுமே வேலைக்கு ஏற்றவை.

உடல்நலமும் ஓய்வும்

மாட்டுப் பண்ணை நாய்க்குச் சில தனிப்பட்ட ஆபத்துகள் உண்டு. கோலி வழியில் வந்த சில நாய்களின் மரபணுவில் உள்ள மாற்றத்தால், மாடுகளின் குடற்புழுவுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் மருந்து அவற்றின் மூளைக்குள் புகுந்து உயிரைப் பறிக்கலாம். மருந்து சிந்திய இடத்தை நாய் நக்காமலும், மருந்து கொடுத்த மாட்டின் சாணத்தைத் தின்னாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த மரபணுவைக் கண்டறியச் சோதனை இருக்கிறது. நாயிடமிருந்து மாட்டுக்கும் நோய் வரும். மாடு ஈன்ற நஞ்சுக்கொடியையோ இறந்து பிறந்த கன்றையோ தின்னும் நாய், நியோஸ்போரா என்னும் ஒட்டுண்ணியைத் தன் கழிவின் வழியே தீவனத்தில் சேர்த்துப் பசுக்களில் கருச்சிதைவை உண்டாக்கக்கூடும். பச்சை ஈரலும் நுரையீரலும் தின்ற நாயிடமிருந்து நாடாப்புழுவின் முட்டைகள் மனிதரையும் வந்தடையும். எனவே நஞ்சுக்கொடியை உடனே புதைப்பதும், பச்சை உள்ளுறுப்புகளை நாய்க்குப் போடாமலிருப்பதும், கால்நடை மருத்துவர் சொன்ன இடைவெளியில் நாய்க்குப் புழுநீக்க மருந்து கொடுப்பதும் கட்டாயம்.

வேலையில்லாத நேரத்தில் மேய்ப்பு நாயைப் பண்ணையில் அவிழ்த்துவிடக் கூடாது. நிழலும் தண்ணீரும் உள்ள கூண்டிலோ நீளமான சங்கிலியிலோ அது ஓய்வெடுக்கட்டும். தானாகச் சென்று மாடுகளைச் சுற்றும் நாய், அழுத்தத்தையும் விடுப்பையும் தன் விருப்பப்படி கையாளப் பழகி, நிறுத்தும் சொல்லை மறக்கிறது. வேலை முடிந்ததும் வா என்ற சொல்லைச் சொல்லி அழைத்து, அது மாடுகளுக்கு முதுகைக் காட்டி உங்களிடம் வந்து சேர்ந்த பின்னரே பட்டியின் கதவைச் சாத்துங்கள்.